மாப்பிள்ளைக் காலடி

இரண்டே நிமிடத்தில் கால்களுக்குள் ஜோடி நடனத்தை ஏற்றித் தரும் கடையில், "கூட்டிட்டுப் போறதா, கூடவே போறதா, எந்தப் பாகம் வேணுங்க்கா?" என்று கேட்டார்கள். கஸ்தூரி யோசிக்காமல் "கூட்டிட்டுப் போறது" என்று சொல்லிவிட்டாள். அது மாப்பிள்ளையின் பாகம் என்பது வீட்டுக்கு வந்து ஆடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஏற்றியதை ஒரு வாரத்துக்கு மாற்ற முடியாது. நாளை மாலையே வரவேற்பு.

நாற்பத்தைந்து வயதில் முதல் கல்யாணம். தனியாகவே நடந்து பழகிய கால்கள் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டன. மாப்பிள்ளை திருஞானமும் அதே பாகத்தை ஏற்றியிருந்தால் மேடையில் முட்டிக்கொள்வார்கள். அப்புறம் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆயுசுக்கும் விட்டுக்கொடுக்கப்போவது தான்தான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மேடையில் பாட்டு தொடங்கியதும் அவளுடைய இடது கால் முன்னே போனது. பெரிய மீசையும் தொப்பையுமாக நின்ற திருஞானத்தின் வலது கால் பூப்போலப் பின்னே போனது. அவள் கையை உயர்த்தினாள். அவர் அதற்கடியில் ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பை ஒடித்து நின்றார். அவருடைய பஸ் டிப்போ ஆட்கள் விசிலடித்தார்கள்.

"நீங்க பொண்ணு பாகத்தையா ஏத்துனீங்க?"

"ஆமாங்க. முதல்முதல்ல ஓட்டல்ல பாத்தப்ப எனக்கும் சேத்து நீங்கதானே காப்பி சொன்னீங்க? அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"எல்லாரும் சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டுங்க. நீங்க இன்னொரு சுத்து விடுங்க!"

விட்டாள். சுற்றியவர் அவர்தான்; தலை கிறுகிறுத்தது கஸ்தூரிக்கு.