மேடான இடம்

“ரூம்ல ஒரு நிமிசம் இருக்காத. பாப்பாவத் தூக்கிக்கினு கெளம்புடா!”

துலுக்காணம் போனுக்குள் போட்ட சத்தத்தில் தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. கோவிலம்பாக்கத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அங்கே கொல்லிமலையில், மகன் ஹரிபிரசாத் பெண்டாட்டி பிள்ளையோடு தங்கியிருந்த லாட்ஜுக்கு மேலே இடி உருண்டது போன் வழியாகவே கேட்டது. உச்சியில் கோடை மழை கொட்டுகிறதாம். ஓடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்குகிறதாம்.

“ரூம் ஓடையாண்ட தான கீது?”

“பக்கத்துலதான்பா. ஆனா லாட்ஜ்காரர் யாரும் வெளிய போகாதீங்கன்றாரு…”

“ஆனாவாவது கீனாவாவது! அவன் அப்படித்தான் சொல்லுவான். ஒருத்தன் காலி பண்ணா எல்லாரும் காலி பண்ணுவான், அவன் யாவாரம் படுத்துடும். நம்ம வூட்ல தண்ணி பூந்தப்போகூட ஒருத்தன் வந்து ‘ஒண்ணும் ஆவாது, உள்ளயே இருங்க’ன்னுட்டுப் போனான். திரும்பி வந்தானா?”

அவர் சொன்னதில் பொய்யில்லை. புயல் வந்த அந்த டிசம்பரில், ஹரி புதிதாக வாங்கிய கார் தெருவிலேயே கூரை வரை முழுகிப் போனது. முன்னாலேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திய புத்திசாலிகள், தண்ணி வடிந்ததும் வண்டியைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதிலிருந்து மழை என்று டிவிக்காரன் வாயைத் திறந்தாலே துலுக்காணம் மகனைப் பாலத்துக்குத் துரத்திவிடுவார். போன மழைக்குக் குடும்பமே ராத்திரி பூரா பாலத்து மேல் காரில் குந்தி மிக்சர் தின்றது.

“அங்க பாலம் எதுனா கீதா?”

“இருக்குப்பா. பாலத்துக்குக் கொஞ்சம் எறங்கிப் போகணும்.”

“ஏறுவியோ எறங்குவியோ, வண்டியப் பாலத்து மேல நிறுத்து. மூணு பேரும் உள்ள குந்துங்க. நம்ம ஊர்ல இன்னா பண்ணுவோமோ அதான்.”

பின்னாலிருந்து மருமகள் சத்யப்ரியாவின் குரல் வந்தது. “வேணாங்க. மாமாக்கு இந்த எடம் தெரியாது.” அதோடு லைன் அறுந்துவிட்டது.

சரசு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “அங்கியே பொறந்து வளந்த லாட்ஜ்காரன் சொல்றான். நீ இங்க சேர்ல குந்திக்கினு ரோடு போடுற.”

“வாய மூடு. நானு ரெண்டு வெள்ளம் பாத்தவன்.”

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். மகன் நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி சொன்னதையே சொன்னாள். அவளையும் திட்டினார். பேத்தி நேற்று போனில் ‘தாத்தா, இங்க குளுருது’ என்று பல்லைக் கடகடவென்று அடித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

“அப்பா, பாலத்துக்கு வந்துட்டோம். எங்க வண்டி மட்டும்தான் நிக்குது.”

“நல்லதாப் போச்சு, எடம் தாராளம்! கண்ணாடிய ஏத்திக்கினு கம்முனு இரு. எவன் கூப்ட்டாலும் எறங்காத.”

போனை வைத்தபோதுதான் அவருக்கு மூச்சே வந்தது. டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது: கொல்லிமலையில் காட்டாற்று வெள்ளம், விடுதிகளில் சுற்றுலாப் பயணிகள் தவிப்பு.

“பாத்தியாடி? அந்த ரூம்லயே இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?”

சரசு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். புருஷனையும் ஒரு தடவை நன்றியோடு பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். துலுக்காணத்துக்கு மனசு ஆறவில்லை. போய்ச் சேர்ந்த அன்றைக்கு ஹரி லாட்ஜ் போனிலிருந்து பேசியிருந்தான். அந்த நம்பரைத் தேடிப் பிடித்துப் போட்டார். அந்த லாட்ஜ்காரனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதாயில்லை. ஒரு பெண் எடுத்தாள்.

“எங்கம்மா லாட்ஜ்காரன்? ரூம்லயே இருங்கன்னு சொன்னானாமே! எம்புள்ளயத் தண்ணியில சாவச் சொன்னானா?”

அவள் காலையிலிருந்து பத்து பேருக்குப் பதில் சொன்னவள்போல் பொறுமையாகப் பேசினாள். “பதறாதீங்க ஐயா. ரூமுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்க. உள்ள இருந்தவங்க அத்தன பேரும் நல்லா இருக்காங்க, இப்பத்தான் டீ குடுத்தோம்.”

துலுக்காணம் டிவி பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் ஆறுதலாகவே மேலும் சொன்னாள்.

“பாலம் ஒண்ணுதாங்க அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு.”