பாதி அப்பம்

என் மனைவி சலோமிக்கு என் பெயர் மறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஆண்டவர் பெயரும் போயிற்று. சுவரில் இருக்கும் படத்தைக் காட்டினால், "யாரோ தாடிக்காரர்" என்கிறாள். பெயரே தெரியாதவளை அவர் எப்படிச் சேர்த்துக்கொள்வார்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வீட்டுச் சங்கதி வெளியே போய்விடும்.

அவளுக்கு வீட்டிலேயே நற்கருணை கொடுக்கப் புதிய போதகர் வந்தார். வாசலிலேயே நிறுத்தினேன்.

"அவளுக்கு வேண்டாம், ஐயா. என்னன்னே தெரியாம வாங்குறது மரியாதை இல்ல. மூணு தலைமுறையா ஊருக்கு வேதம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் வீடு இது."

"நீங்க எல்லாம் தெரிஞ்சுதான் வாங்குறீங்களா, அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

ஜெபம் முடிந்ததும், கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் உள்ளங்கையில் ஒரு துண்டு நற்கருணை அப்பத்தை வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே போட்டுவிடுவாளோ என்ற பயத்தில் என் கை முன்னால் நீண்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்பத்தை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள்.

"யாரு வீட்டுப் பிள்ளையோ, பாவம். பசிச்சா கேக்கக் கூடாதா?"

யார் வீட்டுப் பிள்ளை என்பது இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றையும் சொல்லாமல், கட்டிலருகே முழங்காற்படியிட்டு வாயைத் திறந்தேன்.