வானத்துச் சத்தம்

“நல்லா அளந்து பாருங்க சார்! தாய்வீட்டுல பெத்துத் தூக்கிட்டு வந்த நாள்ல இருந்து, ஏரோப்பிளேன் சத்தத்துல பிள்ளை கண்ணே மூட மாட்டேங்குது. ஊட்டுக்காரரு லாரியில போயிட்டா, நான் ஒருத்தி கெடந்து அல்லாடறேன்!”

சரிதா பொரிந்து தள்ளினாள். புகாரை விசாரிக்க விமான நிலையத்திலிருந்து வந்த அதிகாரி, சத்தத்தை அளக்கும் கருவியும் கையுமாக நின்றார்.

“விமானத்தைப் பார்த்தீங்களாம்மா?”

“எங்கீங்க பாக்கறது? பிள்ளையை வாரிக்கிட்டு வெளிய வாரதுக்குள்ள போயிருது. பூபதிண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க!”

பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் பூபதி தலையைச் சொறிந்தார்.

“புகார் வந்ததால வந்தேன். ஆனா இங்கே விமானமே வர்றதில்லைம்மா. நிறுத்தி மாசக்கணக்காச்சு,” என்றார் அதிகாரி.

சரிதா வாய் திறப்பதற்குள் காதைக் கிழித்துக்கொண்டு அந்தச் சத்தம் வந்தது. குழந்தை வீறிட்டது. வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. பூபதி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.

“பிளேன் வந்தப்ப கோழிங்க மிரண்டு, ஒண்ணுமேல ஒண்ணு ஏறிச் செத்துச்சுங்க. குஞ்சுலயே பழக்கிடலாம்னு அந்தச் சத்தத்தப் புடிச்சு, பண்ணையில ஸ்பீக்கர் கட்டினேன்.”

“மேல இருந்து வந்தாத்தான் எங்க பொறுப்பு,” என்று அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

“அதான் பிளேனே வாரதில்லையே, நிறுத்தித் தொலைங்கண்ணா!”

“நிறுத்திப் பாத்துட்டேன் சாமி.” பூபதி மறுபடியும் தலையைச் சொறிந்தார். “இப்பச் சத்தம் நின்னாத்தான் கோழி மிரளுது.”