நான்காமவள்

எங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். பராமரிப்பது நான். முதன்முதலில் சோதனைக்காகத் தொடங்கிய குழு 'நம்ம வீடு': அக்கா, நான், தம்பி. வேறு யாரும் அதற்குள் எட்டிப்பார்க்க முடியாது. தம்பி கல்யாணமாகாமலேயே விபத்தில் இறந்து ஏழு வருடமாகிறது.

"சும்மா கிடக்கிறத எல்லாம் அழிச்சிருங்க சார்" என்றார் மேலாளர்.

அழிக்குமுன் எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர் இருந்தார்கள். நான்காமவளைச் சேர்த்திருந்தவன் தம்பி. உறவு: மகள். வயது: ஐந்து. சேர்த்த நாள்: நேற்று.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அடப்பாவி, கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா!" என்று தம்பியைத் திட்டினாள். பிறகு மெல்ல, "அழிச்சிராதடா" என்றாள்.

மேலாளரிடம், "அதுல ஆள் இருக்காங்க சார்" என்றேன்.

என் பெயருக்கு எதிரே குழந்தை 'பரியப்பா' என்று எழுதியிருந்தாள். கொம்பு விட்டுப்போயிருந்தது.

மாலையில் பார்த்தபோது கொம்பு போட்டிருந்தது. தம்பிக்கு எழுத்துப்பிழை ஆகவே ஆகாது.