எல்லாருக்கும் போட்ட சட்டம்

"அந்த மனுஷன் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும் மேடம். ரெண்டுல ஒண்ணு!"

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட தாளை முதலாளியம்மாவின் மேஜையில் வைத்தாள் அவள். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து மாட்டிக் கொடுக்கிற பட்டறை அது. எல்லாக் கண்ணாடியையும் கடைசியாகச் சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆனால் முதல் கையெழுத்து அவளுடையது. வாய் அப்படி!

"சூப்பர்வைசர் அப்படி என்னம்மா செஞ்சுட்டார்?"

"என்ன செய்யலன்னு கேளுங்க. யாரையும் பின்னால இருந்து கூப்பிடக் கூடாதாம். முன்னால வந்து, மேஜையை ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் வாயைத் திறக்கணுமாம். ட்ரேயைச் சத்தம் வராம வைக்கணுமாம். எந்த வேலையும் வாயால சொல்லக் கூடாது, சீட்டுல எழுதித்தான் தரணுமாம். நேத்து பாலிஷ் போடற அண்ணன் அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்துட்டார். அதுக்குப் பத்துப் பேர் முன்னால அவரைக் காய்ச்சி எடுத்துட்டார் மேடம்! சூப்பர்வைசருக்குப் பட்டறையில பேரே சர்க்குலர்தான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"சீட்டு நல்லதுதானே? வலது கண் பவரை இடது கண்ணுல மாட்டிட்டா?"

"மறக்கறவங்களுக்குச் சரி. ஆறு மாசமா நான் ஒரு கண்ணாடி மாத்தி அனுப்பினதில்ல. எனக்கு எதுக்கு மேடம் சீட்டு?"

உண்மைதான். இதற்கு முன் இரண்டு இடத்தில் மறதிக்காகவே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை அவள் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அதுதான் தானாகவே சரியாகிவிட்டதே!

"ஒன்பது பேர் வேண்டாம்னா என்னால அவரை வெச்சுக்க முடியாது. இன்னிக்கே போகச் சொல்லிடறேன்" என்றார் முதலாளியம்மா. "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அந்தச் சட்டமெல்லாம் ஒரே ஒருத்தருக்காகப் போட்டது."

"ஒருத்தருக்காகவா?"

"அவர் தங்கச்சி வருஷக்கணக்கா அடியும் மிரட்டலுமா ஒரு வீட்டுல கிடந்தவ. வெளியே வந்தப்புறமும் கதவு சாத்தற சத்தத்துக்கு நடுங்குவாளாம். சொன்னது அஞ்சு நிமிஷத்துல மறந்துடுமாம். போன இடமெல்லாம் மக்குன்னு சொல்லித் துரத்திட்டாங்க. டாக்டர்தான் புரிய வெச்சிருக்கார். ரொம்ப நாள் பயந்துக்கிட்டே இருந்தா மூளையும் மாறிடுமாம். ஆபத்தைப் பாக்கற பகுதி தூங்காம காவல் காக்கும், ஞாபகம் வெச்சுக்கற பகுதி களைச்சுப் போயிடும். அவங்க மேல தப்பே இல்ல. பயமில்லாத இடம் கிடைச்சா மெல்ல மெல்லத் தேறிடலாம்னாராம். தங்கச்சிகிட்ட பாத்த அதே பயத்தை இங்க ஒருத்தர்கிட்டயும் பாத்திருக்கார்."

புருஷன் வீட்டில் ஒன்பது வருஷம் பட்டதைப் பற்றி அவள் இங்கே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தன்னைப் போல இன்னொருத்தி இதே பட்டறையில் இருக்கிறாளா!

"பாவம் மேடம், யாரு அது? பேக்கிங் அக்காவா? சொல்லுங்க, நான் கூடவே இருந்து பாத்துக்கறேன். அந்த ஒருத்தருக்கு மட்டும்னு சொல்லியிருந்தா நாங்க ஏன் சண்டைக்கு வரப் போறோம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'ஒருத்தருக்குச் சட்டம் போட்டா எல்லாரும் அவங்களைப் பாப்பாங்க மேடம். எல்லாருக்கும் போட்டா என்னைத் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்'னார்."

அவள் சட்டென்று தாளை எடுத்து நான்காகக் கிழித்தாள். "இது வேண்டாம் மேடம். மத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"இரு. யாருன்னு கேட்டியே." முதலாளியம்மா தயங்கினார். "சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வார்த்தை வாங்கியிருக்கார். ஆனா உனக்குத் தெரியாம இருக்கறது அந்த மனுஷனுக்குப் பண்ற அநியாயம்."

இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். தினமும் சீட்டில் பார்க்கிற அதே கையெழுத்து. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி.

'புதிதாகச் சேர்ந்த செக்கிங் பெண்ணுக்கு இன்று நாலாவது நாள். அவருக்குப் பின்னால் ஒரு ட்ரே விழுந்தது. அடுத்த நொடி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேஜைக்கு அடியில் இருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், ஸ்க்ரூ விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றார். மற்றவர்கள் நம்ப வேண்டுமே என்று, நானும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினேன்.'