நெருள் 704

மும்பை செம்பூர் வீட்டில் கணவர் அனந்தகிருஷ்ணனின் லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த அம்மிணி, கறுப்புத் திரையைத் திறந்து கமாண்ட் அடித்தாள். லேப்டாப் இதுவரை இணைந்த வைஃபைகளின் பட்டியல் வந்தது.

“‘நெருள் 704’ யாராத்து வைஃபை?”

அனந்தகிருஷ்ணன் பேப்பரை உயர்த்திக்கொண்டார். “நெருள் ஸ்டேஷன்ல சேர்ந்திருக்கும்.”

“ஸ்டேஷனுக்கு ஃபிளாட் நம்பரா? சனிக்கிழமை பஜனைன்னு போறது அங்கதானா?”

“பாகல் மாதிரி, பைத்தியமாட்டம் பேசாதே!”

“பாஸ்வேர்டைப் பார்த்தா எவள்னு தெரிஞ்சுடும்.”

“வேண்டாம், அம்மிணி!”

அதற்குள் அடுத்த கமாண்டை அடித்துவிட்டாள். ஆங்கில எழுத்தில் பாஸ்வேர்ட் வந்தது: ‘அம்மிணிபொண்ணு’.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “நம்ம பொண்ணு சாரு ஆத்துக்கா போறேள்? ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிண்டவ வாசலை மிதிக்கப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினேளே!”

பேப்பர் மெல்ல இறங்கியது.

“பேத்திக்கு அப்படியே உன் மூக்கு,” என்றார்.