வெள்ளைக் கேண்டில்

மகளுக்குக் காமாலை இறங்கிய வாரம் குடிதண்ணீருக்கு ஸ்டீல் ஃபில்டர் வாங்கினோம். சில நாளில் மேல் பாத்திரத்தைத் திறந்த என் மனைவி தமயந்தி அலறினாள். உள்ளே தண்ணீரை வடிக்கும் வெள்ளைக் கேண்டில் முழுக்கச் சளிபோலப் பழுப்பாக ஏதோ படர்ந்திருந்தது.

“சீ! இத வடிச்சா குடிச்சோம்? தூக்கிப் போடுங்க!”

“குழாயில வந்தத அது புடிச்சு வெச்சிருக்கு. போன மாசம் வரைக்கும் இது நம்ம வயித்துலதான் இருந்துச்சு.”

அவள் வாந்தியெடுக்க ஓடினாள். எப்போது ஜோக்கடிக்கக் கூடாது என்று எனக்கு இன்றுவரை தெரிந்ததில்லை.

ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறாளே என்று, அவள் பால் வாங்கப் போகும்போதெல்லாம் கேண்டிலை என் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவைப்பேன். வழுவழுப்பு விரலிடுக்கில் ஒட்டும், சோறு இறங்காது. தியாகி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று சீக்கிரம் திரும்பிவிட்டாள். பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் கேண்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

“பொட்டு அழுக்கில்ல, பாருங்க. குழாய்த் தண்ணி நல்லாயிடுச்சுங்க. இனி எதுக்கு இது சொட்டுற வரைக்கும் காத்துக் கிடக்கணும்?”

குழாயில் டம்ளரைப் பிடித்து மகளிடம் கொடுத்தாள். மகள் அதை வாயருகே கொண்டுபோனாள்.

குறுக்கே பிரஷ்ஷை நீட்டினேன். அதன் நுனியில் பழுப்பாக ஒரு துளி, விழாமல் தொங்கியது.